இடது இறக்கையில் மூன்று விரல் சந்தனம்

சத்தியசீலனுக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. அதைக் கனவு என்று சொல்வதும் சரியில்லை. பாதி நேரம் அவர் கண்ணைத் திறந்துகொண்டு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருப்பார். செம்பனைக் குலைகள் ஏற்றிய பெட்டி பின்னால் குலுங்கிக்கொண்டு வரும். இரு பக்கமும் மட்டைகள் கூரை போட்டிருக்க, நடுவே ஒரு கீற்று வானம் மட்டும் தெரியும். அந்தக் கீற்றில் சத்தமே இல்லாமல் ஒரு வெள்ளை விமானம் வந்து நிற்கும். பறக்காது, நிற்கும். பிறகு மெல்ல மூக்கைத் தாழ்த்தி, காம்பிலிருந்து கழன்ற பூவைப் போலச் சுழன்றுகொண்டே இறங்கும். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது சுற்றில் அவர் மனசுக்குள் 'போதும்' என்பார். அது அப்படியே நின்றுவிடும்.

அதற்குள் குலைகளை எண்ணெய் ஆட்டும் மில்லின் வாசல் வந்திருக்கும்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் இருபத்தாறு வருடமாக டிராக்டர் ஓட்டுகிறார். மேடு பள்ளம் பார்த்து, கியர் மாற்றுவதே தெரியாமல் மாற்றி, ஒரு குலையைக்கூட வாய்க்காலில் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். "சீலன் டிராக்டர்ல தொட்டிலே கட்டலாம்லா, புள்ள முழிக்காது" என்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

தோட்டத்தின் கடைசியில் கல்லும் செம்மண்ணுமாக ஒரு மேடு உண்டு. செம்பனை வைத்தால் பிடிக்காது. பத்து வருடத்துக்கு முன்னால் சிரம்பானிலிருந்து நாலைந்து பேர் வந்து, நிர்வாகத்திடம் கேட்டு, அங்கே புல் வெட்டி ஒரு நீண்ட பாதை போட்டு, தரையில் நின்றே ரேடியோ பெட்டியின் குச்சிகளால் ஓட்டும் சின்ன விமானங்களை விட ஆரம்பித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தியசீலன் தண்ணீர் டாங்கியை இழுத்துக்கொண்டு அந்த வழியாகப் போனவர், டிராக்டரை ஓரங்கட்டிவிட்டு அரைமணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். டிராக்டரை அணைக்கக்கூட மறந்துவிட்டார். அந்த ஆளுக்கு அப்படி ஒரு மறதி அதற்கு முன்னால் வந்ததில்லை.

ஐம்பது வருடத்துக்கு முந்திய போட்டி விமானம் ஒன்றின் வரைபடம் அவருக்குக் கிடைத்தது. நீண்ட மூக்கு, தாழ்ந்த இறக்கை, நுனிக்குப் போகப் போக ஒடுங்கும் வடிவம். கரணம் போடவும் தலைகீழாகப் பறக்கவும் பிறந்த சாதி. இரண்டரை வருடம் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பால்சா மரத்தை இழைத்தார். வயிற்றுக்கு மட்டும் சிவப்பும் மற்றபடி வெள்ளையுமாகத் தாள் ஒட்டி முடித்த அன்று அவர் மனைவி மாதவி, "கொக்கு மாதிரி இருக்கு" என்றாள். பெயர் நிலைத்துவிட்டது.

செய்யும்போது அவர் தன் புத்தியைக் காட்டினார். இறக்கையின் முன் விளிம்பை வரைபடத்தில் இருந்ததைவிட உருண்டையாக இழைத்தார். இறக்கை நுனிகளைக் கீழ்நோக்கித் துளி முறுக்கினார். விமானம் விழாமல் இருக்க என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்தார். கொக்கும் விழவில்லை. விழவே விழவில்லை. வினை அங்கேதான் வந்தது.

வருடா வருடம் அக்டோபரில் அந்த மேட்டில் பழைய மாடல் விமானங்களுக்கு ஒரு போட்டி நடக்கும். ஒவ்வொருவரும் பத்து வித்தை காட்ட வேண்டும். பத்தாவது வித்தை, சுழல். எஞ்சினைத் தணித்துவிட்டு, உயரம் குறையாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டே போக வேண்டும். வேகம் சாகும். ஒரு கட்டத்தில் இறக்கையைத் தழுவி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு போகும். அந்த நொடியில் விமானம் விமானமாக இருப்பதில்லை, வானத்தில் கிடக்கும் ஒரு பொருள்தான். அப்போது வால் சுக்கானை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் அந்தப் பக்கம் சரிந்து, சுழன்றுகொண்டே விழும். மூன்று சுற்றில் நிறுத்த வேண்டும்.

கொக்கு அந்த நொடிக்கு வராது. மூக்கைத் தூக்கினால் தலையை ஆட்டி ஆட்டி மிதக்கும். சுக்கானைத் திருப்பினால் பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு, வேகத்தைக் கூட்டிக்கொண்டு கீழே ஓடும். பார்க்கிறவர்களுக்குச் சுழல் மாதிரிதான் இருக்கும். நடுவர் திருச்செல்வத்திடம் அந்தக் கதை நடக்காது. தெமியாங்கில் நாற்பது வருடம் ரேடியோ, டீவி ரிப்பேர் பார்த்து ஓய்ந்தவர் அவர். கண்ணில் விழுந்த பிசகைக் காணாததுபோல் இருக்க வராது.

"சீலன், இது சுழல் இல்ல. சுத்திக்கிட்டு ஓடுது. ஸ்பின்னுன்னா வேகம் செத்துப் போகணும். சைபர்தான், வருத்தப்படாதீங்க" என்றார், மூன்று வருடமாக.

ரஹாங்கில் சாப்பாட்டுக்கடை நடத்திக்கொண்டே மேட்டுக்கு விமானம் விட வரும் உசைருக்கு இதில் தனி சந்தோஷம். "அண்ணே, உங்க கொக்கு உங்கள மாதிரியேதான். விழச் சொன்னாக்கூட லீவு லெட்டர் குடுக்குது. எங்க கடையில வீசிப் போடுற ரொட்டி சானாய் இதைவிட நல்லா சுத்தும்லா."

"தெரியும்டா தம்பி. சுத்தி முடிச்சி கல்லுல விழாம தரையில விழுமே, அதைத்தானே சொல்ற?"

சிரித்துவிட்டு வீட்டுக்கு வருவார். ஆனால் அந்தச் சைபர் உள்ளே கிடந்து உறுத்தும். அவர் வாழ்க்கையில் விழுந்ததெல்லாம் அவரைக் கேட்டுக்கொண்டு விழுந்ததில்லை. தோட்டம் கைமாறி, பிறந்த லயத்து வீட்டு வரிசையை இடித்தார்கள். முப்பத்திரண்டு வயதில் செம்பனை மட்டை ஒன்று தோளில் விழுந்து, எட்டு மாதம் வலது கையைத் தூக்க முடியாமல் இருந்தார். எதுவும் எப்போது தொடங்கும், எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் எல்லாவற்றிலும் அந்த ஜாக்கிரதை. ஒரே ஒரு தடவை, தான் சொல்லும்போது விழுந்து, தான் சொல்லும்போது நிற்கிற ஒன்றைப் பார்க்க வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். கேட்டால் சின்ன ஆசை. அதற்குத்தான் மூன்று வருடம்.

இந்த வருடம் ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. போட்டி ஞாயிறு. மாதவி வழக்கம்போலக் கெட்டியாகச் சந்தனம் குழைத்து, மோட்டார் சைக்கிளுக்கு வைத்தாள், தன் தையல் மிஷினுக்கு வைத்தாள், அரிசிக் குக்கருக்கும் வைத்தாள். கடைசியில் கொக்கின் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இதுக்கு நெத்தி எதுங்க?"

"மூக்குல வெக்காத. எஞ்சின் சூட்டுல கருகிரும்."

"அப்ப காத்து மொதல்ல எங்க படுமோ, அதான் நெத்தி." சொல்லிவிட்டு இடது இறக்கையின் முன் விளிம்பில், உடம்பை ஒட்டி, மூன்று விரலால் அழுத்தமாக இழுத்தாள். நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. வலது இறக்கை டீவி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது, கை எட்டவில்லை. "ஒரு பக்கம் வெச்சாலும் சாமி பார்க்கும். விழாம பார்த்துக்கட்டும்" என்று கற்பூரத்தைக் காட்டிவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை மேட்டில் பனி இன்னும் விலகவில்லை. சுற்றியிருந்த செம்பனைத் தலைகள் வெள்ளையில் மூழ்கி, மேடு மட்டும் தனித் தீவாக மிதந்தது. திருச்செல்வம் மறுநாளைக்கு வேண்டிய சுண்ணாம்புக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். உசைர் பிளாஸ்கிலிருந்து எல்லாருக்கும் டீ ஊற்றினான். சத்தியசீலன் கொக்கை விட்டார். அது பனியைக் கிழித்துக்கொண்டு மேலே போய், வெயிலில் பளிச்சென்று வெளுத்தது.

உயரத்தில், பழக்கத்துக்காக, எஞ்சினைத் தணித்து மூக்கைத் தூக்கினார். எப்படியும் தலையாட்டத்தான் போகிறது. ஒரு வாய் டீ குடிக்கலாமா என்றுகூட நினைத்தார்.

இடது இறக்கையை யாரோ கீழிருந்து பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. கொக்கு பொத்தென்று சரிந்தது. மூக்கு தரையைப் பார்த்தது. சுழன்றது. ஒன்று. இரண்டு. சத்தமே இல்லை. மூன்று. வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மேல்பக்கமும் வயிறும் மாறி மாறி வந்தன. நான்கு. அவர் விரல்கள் ரேடியோ பெட்டியின் குச்சிகளின்மேல் மரத்துப்போயிருந்தன. அவர் கண்டுகொண்டிருந்த கனவு அதுதான், ஆனால் 'போதும்' என்ற சொல் வரவில்லை.

"அண்ணே, கையை விடுங்க! விட்டுருங்க!" என்று உசைர் கத்தினான்.

விட்டார். குச்சிகள் நடுவுக்கு வந்தன. பழைய காலத்து விமானத்துக்கு அந்த ஒரு நல்ல குணம் உண்டு. பிடித்தவன் கையை எடுத்தால் அதுவே தன் சமனைத் தேடிக்கொள்ளும். அரைச் சுற்றில் நின்றது. மூக்கை நிமிர்த்தினார். செம்பனைத் தலைகளுக்கு ஓர் ஆள் உயரம் மேலே, பனியைத் தொட்டுக்கொண்டு கொக்கு வெளியே வந்தது.

"அல்லாவே! அண்ணே, என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலடா. நான் சுக்கானைத் தொடவே இல்ல."

மறுபடி மேலே ஏற்றினார். போட்டித் தாளில் வலப்பக்கச் சுழல்தான் போட்டிருந்தது. மூக்கைத் தூக்கி, வலப்பக்கம் சுக்கானைத் திருப்பினார். அது கேட்கவில்லை, இடப்பக்கமே விழுந்தது. இந்தத் தடவை ஒரு சுற்றிலேயே விட்டுவிட்டார். தரையிறக்கும்போது வேகம் குறைந்ததும் இடது இறக்கை திரும்பவும் தொங்கியது. நுனி புல்லில் உரசி, விமானம் அரை வட்டம் போட்டு நின்றது. தாள் ஒரு சாண் கிழிந்திருந்தது.

திருச்செல்வம் சுண்ணாம்பு வாளியை வைத்துவிட்டு வந்தார். மூவரும் கொக்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சத்தியசீலன் டிராக்டர்க்காரர், கண்ணைவிடக் கையை நம்புவார். முன் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். உடம்பை ஒட்டிய இடத்தில் விரல் தட்டியது. காய்ந்து, வரப்பு மாதிரி எழும்பி நின்றது சந்தனம்.

திருச்செல்வம் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வழவழன்னு போற காத்து இதுல இடறி விழுது. அதனால இந்த இறக்கை மொதல்ல தூங்கிருது. அந்த இறக்கை முழிச்சிருக்கு. அப்புறம் இடப்பக்கம் சாயாம என்ன பண்ணும்? தொடைச்சிருங்க சீலன். பழையபடி ஆயிரும்."

"பழையபடின்னா சைபருலா" என்றான் உசைர்.

"தொடைக்கலேன்னாலும் சைபர்தான். நான் கேக்குறது வலப்பக்கம். அதோட எறக்கும்போது ஒடைச்சிக்குவாரு. விமானமாச்சும் மிஞ்சட்டுமே."

சாயங்காலம் ஹாலில் கிழிசலுக்குத் தாள் ஒட்டினார். அதன் பிறகு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு இடது இறக்கைக்கு வந்தார். துணி சந்தனத்துக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. சாமி குத்தம் என்று பயப்படுகிறவர் இல்லை அவர். ஆனால் மூன்று விரல் பதிந்த அந்தத் தடத்தில், தையல் ஊசி குத்திக் குத்தித் தழும்பான மாதவியின் நடுவிரல் தனியாகத் தெரிந்தது. கூடவே, மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கொக்கு வானத்தில் நின்ற அந்த நொடியும் கண்முன் வந்தது. துடைத்தால் இரண்டும் போய்விடும்.

"துணியும் கையுமா என்ன செய்யிறீங்க?" மாதவி அடுப்படி வாசலில் நின்றாள்.

மறைக்கத் தெரியாத ஆள். எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் முகம் சுருங்கியது. "நான் வெச்ச சந்தனத்துலதான் விழுந்துச்சா? விழக்கூடாதுன்னுதானே வெச்சேன்."

"விழணும், மாதவி. அதுக்குத்தானே மூணு வருசமா தவம் கெடக்குறேன்."

"விழறதுக்கு யாராச்சும் தவம் கெடப்பாங்களா?"

"விழுந்து நிக்கிறதுக்கு."

அவள் வந்து தரையில் உட்கார்ந்தாள். இறக்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். எட்டு மாதம் அவருக்குச் சோறு ஊட்டிய கை, விளிம்பை மெல்லத் தடவியது.

"ஒரு பக்கம் மட்டும் தூங்குதுன்னா அந்தப் பக்கத்தையும் தூங்க வெக்க வேண்டியதுதானே? நீங்கதான் செவுத்தோட ஒட்டி வெச்சிட்டீங்க, எனக்குக் கை எட்டல. பாதி பூஜையில இருக்கு அது, பாவம்."

சத்தியசீலன் அவளையே பார்த்தார். இரண்டு இறக்கைக்கும் ஒரே இடத்தில், ஒரே அளவில் தடுப்பு இருந்தால்? இரண்டும் சேர்ந்து தூங்கும். இடமா வலமா என்பதைச் சுக்கான் சொல்லும். சுக்கானை அவர் சொல்வார்.

"சந்தனம் இருக்கா?"

"கிண்ணத்துலயே காயுது. பன்னீர் விட்டுக் குழைக்கிறேன், எடத்தைக் காட்டுங்க."

அவர் ஸ்கேலும் பென்சிலும் எடுத்துவந்தார். உடம்பிலிருந்து எத்தனை அங்குலம், நீளம் எவ்வளவு, தடிப்பு எவ்வளவு என்று இடது பக்கத்தை அளந்து வலது பக்கத்தில் புள்ளி வைத்தார். மாதவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நெத்திக்கு அளவெடுத்துப் பொட்டு வெக்கிற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன். நம்ம கல்யாணத்தன்னிக்கு எனக்குக் கோணலா வெச்சீங்களே, அன்னைக்கு எங்க போச்சி இந்த ஸ்கேலு?"

"அன்னைக்குக் கை நடுங்குச்சி."

"இன்னைக்கு?"

அவர் கையைப் பார்த்துக்கொண்டார்.

அவள் அதே மூன்று விரலால், அதே அழுத்தத்தில் இழுத்தாள். நடுவில் குங்குமம் வைத்தாள். மின்விசிறியைத் திருப்பிவிட்டு இருவரும் அது காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே இடி முழங்கி, மழை வராமலே போய்விட்டது.

ஞாயிறு காலை மாதவியும் வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் மேட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மடக்கு நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்தாள். உசைர் அவளுக்கு டீ கொடுத்துவிட்டு, "அக்கா, உங்க சந்தனத்துக்கு ஏரோப்பிளேன் கம்பெனியில வேலை இருக்காம்" என்றான். "மொதல்ல உன் ரொட்டிக்கு வெச்சிப் பாக்குறேன், கல்லுலயாச்சும் விழுதான்னு" என்றாள் அவள். தரையில் விழும் ரொட்டியின் கதை வீடு வரைக்கும் போயிருக்கிறது என்று உசைருக்கு அப்போதுதான் தெரிந்தது.

திருச்செல்வம் கொக்கைச் சோதிக்க வந்தார். வலது இறக்கையைப் பார்த்தார், இடது இறக்கையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "விதியில சந்தனம் கூடாதுன்னு எங்கயும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார்.

ஒன்பது வித்தையும் டிராக்டர் ஓட்டுவது போலவே போயின. வழுக்கிக்கொண்டு, அலுங்காமல், சரியாக. பத்தாவதற்குக் கொக்கை மிக உயரத்துக்குக் கொண்டுபோனார். இரண்டு மேகங்களுக்கு நடுவே நீலத்தில் ஒரு வெள்ளைக் கீறல்.

எஞ்சினைத் தணித்தார். சத்தம் அடங்கியது. மேடு முழுக்க ஓர் அமைதி இறங்கியது. மூக்கைத் தூக்கினார், இன்னும் தூக்கினார். தலையாட்டம் இல்லை. வேகம் வடிந்துகொண்டே வந்தது. காற்று கையிலிருந்து நழுவுவதை, குச்சியில் கனம் குறைவதை, அவர் விரல்கள் உணர்ந்தன. அல்லது உணர்ந்ததாக அவர் நினைத்தார். ரேடியோ குச்சியில் அப்படியெல்லாம் ஒன்றும் தெரியாது.

கொக்கு நின்றது.

செம்பனைகளுக்கும் மேகத்துக்கும் நடுவில், எதிலும் தொங்காமல், எதையும் பிடிக்காமல் நின்றது. இரண்டு இறக்கையும் நேராக இருந்தன. அந்த நொடியில் அவருக்குத் தோள் வலி இல்லை, லயம் இடிந்த தூசி இல்லை. அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை, அது காத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் இருந்தது உலகத்தில்.

சுக்கானை வலப்பக்கம் முழுக்கத் திருப்பினார். கொக்கு வலப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம்தான். மூக்கு இறங்கியது.

ஒன்று. வெயில் வயிற்றில் பட்டுத் தெறித்தது. இரண்டு. அவசரமே இல்லாமல், ஊஞ்சலில் இருந்து இறங்குகிற மாதிரி. மாதவி நாற்காலியை விட்டு எழுந்தது அவருக்குத் தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. மூன்று.

"போதும்" என்றார். வாய்விட்டே சொன்னார். குச்சிகளை நடுவுக்குக் கொண்டுவந்து, எதிர்ப்பக்கம் ஒரு தட்டுத் தட்டினார்.

அது உடனே நிற்கவில்லை. இன்னும் கால் சுற்று போயிற்று. பிறகு நின்றது. மூக்கை நேர்கீழே வைத்துக்கொண்டு வேகம் பிடித்து, அவர் இழுத்த இழுப்புக்கு நிமிர்ந்து, செம்பனைத் தலைகளுக்கு வெகு மேலே சமமாகப் பறந்து போனது.

உசைர் பிளாஸ்கின் மூடியால் பிளாஸ்கைத் தட்டிக்கொண்டு குதித்தான். திருச்செல்வம் தாளில் எழுதிவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே வந்தார்.

"கால் சுத்து கூடப் போயிருச்சி. பத்துக்கு ஆறுதான் போட்டிருக்கேன்."

"கொக்கு மேல தப்பில்லண்ணே, நான்தான் தயங்கிட்டேன்" என்றார் சத்தியசீலன். முகமெல்லாம் சிரிப்பு. "போதும்னு சொல்ல மனசு வரல."

கொக்கை இறக்கினார். இரண்டு இறக்கையும் கடைசி வரைக்கும் சமமாகவே இருந்தன, தொங்கவில்லை. அது உருண்டு வந்து மாதவியின் காலடிக்குச் சற்றுத் தள்ளி நின்றது. வலது இறக்கைச் சந்தனத்தில் ஒரு வெடிப்பு விட்டு, குங்குமம் பாதி உதிர்ந்திருந்தது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, வெறும் வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பயந்திருப்பாள் என்று நினைத்து அவர் பக்கத்தில் போனார்.

"என்ன மாதவி?"

"இவ்வளவு அழகா விழும்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றாள். "அது டாங்கியில எண்ணெய் மிச்சம் இருக்கா? இன்னொரு தடவ விழ வைங்க. இந்தத் தடவ போதும்னு நான் சொல்றேன்."